முதல் ஓராண்டு மண்வெட்டி வேண்டாம்

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. பள்ளியை ஒட்டிய ஒன்றரை ஏக்கர் காட்டுத் துண்டைப் பராமரிக்கும் பொறுப்பு பள்ளியிடம் முறைப்படி வந்திருக்கிறது. 8 வயது முதல் 14 வயது வரையுள்ள மாணவர்கள் அங்கே படிக்கவும் வேண்டும், பாடுபடவும் வேண்டும். தொடக்க விழாவில் 500 மரக்கன்றுகள் நடலாம் என்கிறது நிர்வாகம். எங்கிருந்து தொடங்குவது, ஆண்டு முழுவதும் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது?

விழாவுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஒன்றரை ஏக்கர் என்பது சுமார் 6,000 சதுர மீட்டர். அதில் 500 கன்றுகள் என்றால் 12 சதுர மீட்டருக்கு ஒரு குழி. நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் பரவிக் கிடக்கிறது. ஏற்கெனவே மரங்கள் நிற்கும் இடத்தில் தோண்டும் ஒவ்வொரு குழியும் அந்த வேர்களை அறுத்துக்கொண்டுதான் இறங்கும். நட்ட கன்றுக்கோ மேலே வெளிச்சம் இருக்காது. ஆறு மாதம் கழித்துத் தன் பெயர்ப் பலகை மாட்டிய கன்று காய்ந்து நிற்பதைப் பார்க்கும் பிள்ளை அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வராது. இதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக் காடு என்றாலே நடவு விழா என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பள்ளிகள் தமக்கென்று காடு வைத்துக்கொள்ள 1927-இல் சட்டம் வழிசெய்தது. அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரித் தலைவர் ஹாரி ரஸ்ஸல், ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பிள்ளைகள் பொது நிலத்தில் மரம் வளர்ப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன யோசனை அது. அடுத்த ஆண்டே லயோனா, கிராண்டன், வபேனோ என்ற மூன்று ஊர்களின் பள்ளிகள் காட்டைப் பெற்றன. அங்கே பிள்ளைகள் நட்டார்கள். நட வேண்டியும் இருந்தது. மரவாணிபம் பெருங்காட்டை வெட்டி முடித்துவிட்டுப் போன வட்டாரம் அது, அடிக்கட்டைகள்தான் மிச்சம். உங்கள் நிலம் அப்படி இல்லை. நீங்களே எழுதியிருப்பதுபோல் அங்கே மரங்கள் நிற்கின்றன, கீழே புதர் இருக்கிறது, பறவைகள் வருகின்றன. மொட்டை நிலத்துக்கான மருந்தை உயிரோடிருக்கும் காட்டுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே என் யோசனை: முதல் ஓராண்டு அந்த நிலத்தில் மண்வெட்டி இறங்க வேண்டாம். பார்ப்பது, எண்ணுவது, அளப்பது, எழுதுவது மட்டும் போதும். சும்மா இருக்கச் சொல்கிறேன் என்று நிர்வாகம் நினைக்கலாம். ஆனால் ஒரு காட்டை எல்லாப் பருவத்திலும் ஒரு சுற்றுப் பார்க்காதவர்களுக்கு அதில் எது பிழை, எது இயல்பு என்று தெரியாது. வறண்ட மாதத்தில் வெறும் பள்ளமாகக் கிடக்கும் இடம் மழைக்குப் பின் தவளைகள் முட்டையிடும் குட்டையாக இருக்கும். செத்த செடி என்று பிடுங்கப் பார்த்தால் கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுத் திருத்தியவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும்தான் முதலில் அழித்திருக்கிறார்கள்.

அளக்கும் வேலைக்குக் கயிறு ஒன்று போதும். 5.64 மீட்டர் நீளத்தில் ஒரு கயிறு வெட்டுங்கள். நடுவில் ஒரு முளை அடித்து அந்தக் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினால் கிடைக்கும் வட்டத்தின் பரப்பு 100 சதுர மீட்டர். ஏன் 5.64 என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கேளுங்கள். வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரத்துக்கு ஒருவழியாக ஒரு வேலை கிடைத்த மகிழ்ச்சி அவர்கள் முகத்தில் தெரியும். இப்படி ஆறு வட்டங்கள் போட்டால் உங்கள் காட்டில் பத்தில் ஒரு பங்கு கைக்குள் வந்துவிடும். வட்டங்களை நல்ல இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வரைபடத்தில் கட்டம் போட்டு எண் கொடுத்துச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். முள்ளும் புதருமான இடமும் சீட்டில் வந்தால்தான் கணக்கு நேர்மையானது. வட்டத்தின் மையத்தில் அடித்த முளையை மட்டும் யாரும் எப்போதும் பிடுங்கக் கூடாது.

வட்டத்துக்குள் நிற்கும் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் அளக்க வேண்டும். மார்பு உயரத்தில் அளப்பது காட்டியலில் வழக்கம். யாருடைய மார்பு என்ற கேள்வி உடனே எழும், எழவும் வேண்டும். பல நாடுகளில் அது தரையிலிருந்து 1.3 மீட்டர், இந்தியாவிலும் அமெரிக்காவிலும் 1.37 மீட்டர். எட்டு வயதுப் பிள்ளைக்கு 1.3 மீட்டர் என்பது தலை உயரம்! எனவே அந்த அளவில் ஒரு குச்சியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மரத்தோடு ஒட்டி நிறுத்தி, குச்சியின் நுனி தொடும் இடத்தில் நாடாவைச் சுற்றுங்கள். எந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, அதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு அதன் பிறகு மாற்றாதீர்கள். அடிமரம் பலகை பலகையாக விரிந்திருந்தால் விரிவுக்கு மேலே அளந்து, எவ்வளவு உயரத்தில் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம். அளந்த இடத்தில் சின்னதாக ஒரு பெயிண்ட் கோடு போதும்.

அடுத்த ஆண்டு ஒரு வேடிக்கை நடக்கும். சில மரங்கள் இளைத்திருக்கும். வறட்சியில் மரம் நீரிழந்து மயிரிழை சுருங்குவது உண்மைதான். ஆனால் 4 சென்டிமீட்டர் சுருங்காது. யாரோ நாடாவைச் சாய்வாகப் பிடித்திருப்பார்கள், அல்லது 87 என்பதை 78 என்று எழுதியிருப்பார்கள். அந்த எண்ணை அழிக்க விடாதீர்கள். ஒரே மரத்தை இரண்டு குழுக்கள் தனித்தனியே அளந்து, வேறுபாடு எவ்வளவு, எதனால் என்று பேசட்டும். அறிவியல் என்பது சரியான விடையைக் கண்டுபிடிப்பது என்றே பாடப்புத்தகம் பழக்கியிருக்கிறது. தன் விடை எவ்வளவு தவறாக இருக்கக்கூடும் என்று தெரிந்துவைத்திருப்பதும் அறிவியல்தான் என்பதை அந்த இளைத்த மரம் கற்றுக்கொடுக்கும்.

உயரத்துக்குப் பாகைமானி, ஒரு நூல், நுனியில் ஒரு கல். மர உச்சி 45 பாகையில் தெரியும் இடம்வரை பின்னால் நடந்தால், அங்கிருந்து மரத்துக்குள்ள தூரத்தோடு பார்ப்பவரின் கண் உயரத்தையும் கூட்டினால் மரத்தின் உயரம். சமதரையில் மட்டும் இது சரிவரும். கண் உயரத்தைக் கூட்ட எல்லாரும் மறப்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுற்றளவும் உயரமும் கைக்கு வந்ததும், எங்கள் காடு இத்தனை டன் கரியமில வாயுவை உறிஞ்சுகிறது என்று பலகை வைக்க ஆசை வரும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன் என்பது சரி. ஆனால் நிற்கும் மரத்தின் எடையைச் சுற்றளவிலிருந்து கணிக்கும் சமன்பாடு மர இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் மாறும். வகுப்பில் பயிற்சியாகக் கணக்குப் போடுங்கள். வாசலில் பலகையாக மாட்டாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு நாடாவும் கயிறும் வேண்டாம். அவர்களுக்கு ஆளுக்கோர் இடம் கொடுங்கள். ஒரு பாறை, ஒரு வேர், ஒரு மரத்தடி, எதுவாகவும் இருக்கலாம். வாரம் ஒருமுறை அதே இடத்தில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதல் இரண்டு வாரம் நெளிவார்கள், சிரிப்பார்கள், எறும்பு கடித்தது என்பார்கள். ஐந்தாவது வாரம் ஒரு பிள்ளை வந்து, போன வாரம் இருந்த சிலந்தி இல்லை, வலை மட்டும் இருக்கிறது என்று சொல்லும். அன்றைக்கு உங்கள் பாடம் தொடங்குகிறது. பெயர்கள் தெரியவில்லையே என்று ஆசிரியர்கள் தயங்குவதைப் பார்க்கிறேன். தெரியாவிட்டால் எண் கொடுங்கள், அடையாளம் எழுதுங்கள்: செடி 14, இலை எதிரெதிராக, கசக்கினால் எலுமிச்சை மணம். பெயர் பிறகு வந்து சேரும். எதையும் நாவில் வைக்கக் கூடாது, பால் வடியும் செடியைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது என்ற இரண்டு விதிகளை மட்டும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

மண்ணை இவர்களுக்குக் காட்ட ஒரு பழைய பருத்தித் துணி போதும். ஒரே அளவில் துண்டுகள் வெட்டி, சிலவற்றை மரத்தடிச் சருகுக்குக் கீழேயும் சிலவற்றை விளையாட்டு மைதானத்து மண்ணிலும் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தோண்டினால், நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் சுறுசுறுப்பாக இருக்கும் மண்ணில் துணி கந்தலாகியிருக்கும். மற்ற இடத்தில் பெரும்பாலும் முழுசாக வரும். இதையே கொஞ்சம் நுட்பமாக, தேயிலைப் பைகளைப் புதைத்து எடுத்து எடைபோடும் முறையாக 2013-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பச்சைத் தேயிலைப் பை ஒன்று, ரூயிபோஸ் என்ற தென்னாப்பிரிக்க மூலிகைத் தேநீர்ப் பை ஒன்று, 8 சென்டிமீட்டர் ஆழம், 90 நாள். நல்ல தராசு இருந்தால் மேல்வகுப்புகளில் செய்து பாருங்கள்.

என் பட்டியலில் கட்டாயம் இருக்கும் ஒரு சோதனை பாதையைப் பற்றியது. இரண்டு பக்கமும் வெட்டிய தகர டப்பா ஒன்றை மண்ணில் இரண்டு விரல் ஆழம் அழுத்தி, அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது முழுவதும் உள்ளே போக எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். மரத்தடியில் ஒருமுறை, பிள்ளைகள் நடக்கும் பாதையில் ஒருமுறை. மரத்தடியில் தண்ணீர் இறங்கிப் போன பிறகும் பாதையில் தேங்கி நிற்கும். மண்ணை இறுக்கியது யார் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். நூறு பிள்ளைகள் வாரந்தோறும் காட்டுக்குள் போவதே ஒரு தேய்மானம்தான். அதனால் ஒற்றைப் பாதை போடுங்கள், அதிலேயே போய் அதிலேயே திரும்புங்கள், ஒரு நேரத்தில் பதினைந்து பேருக்கு மேல் உள்ளே வேண்டாம். பாதையைவிட்டு இறங்காதே என்று எத்தனை முறை கத்தினாலும் கேட்காத பிள்ளைகள் அந்த டப்பாவைப் பார்த்த பிறகு ஒருவரையொருவர் அதட்டிக்கொள்வார்கள்.

இனி கன்றுகள். நன்றாகக் காய்க்கும் பெரிய மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் அடியிலிருந்து 5, 10, 20 மீட்டர் தூரங்களில் சம அளவுச் சதுரங்கள் போட்டு, அதே இனத்தின் இளங்கன்றுகளை எண்ணச் சொல்லுங்கள். விதை அதிகம் விழுவது தாய்மரத்தடியில்தான். ஆனால் அந்த இனத்தையே தின்று வாழும் பூச்சிகளும் நோய்களும் அங்கேதான் கூடியிருக்கும். அதனால் தாயின் நிழலைவிட்டுத் தள்ளிப் போன விதைக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல் என்று 1970-இல் டேனியல் ஜான்சென், அடுத்த ஆண்டு ஜோசப் கானல் என்ற இரண்டு சூழலியலாளர்கள் தனித்தனியே எழுதினார்கள். வெப்பமண்டலக் காடுகளில் ஒரே இனம் ஆதிக்கம் செலுத்தாமல் இத்தனை வகை மரங்கள் கலந்து நிற்பதற்கு இது ஒரு காரணம் என்பது அவர்கள் வாதம். எல்லா மரத்துக்கும் இது பொருந்துவதில்லை. உங்கள் மரத்துக்குப் பொருந்துகிறதா என்பதை உங்கள் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் எண்ணிச் சொல்லப் போவதில்லை. விடை தெரியாத கேள்வியைப் பிள்ளைகளிடம் கொடுக்கும் வாய்ப்பு பள்ளிக்கூடத்தில் அரிது, விட்டுவிடாதீர்கள்.

பராமரிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் துடைப்பம் எடுப்பவர்கள் உண்டு. நான் போயிருந்த ஒரு பள்ளியில், விருந்தினர் வருகிறார்கள் என்று காட்டுத் துண்டின் சருகு முழுவதையும் கூட்டிக் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். தரை கோலம் போடலாம் போலிருந்தது. அடுத்த பெருமழையில் மேல்மண் கலங்கி ஓடியது. சருகு குப்பை அல்ல. மழைத்துளியின் அடியை வாங்கிக்கொள்ளும் போர்வை, மண்புழுவுக்கும் மரவட்டைக்கும் சோறு, அடுத்த ஆண்டு இலைக்கான உரம். விழுந்த கட்டையும் அப்படித்தான். பின்லாந்துக் காடுகளில் வாழும் உயிரினங்களில் ஐந்தில் ஒரு பங்காவது ஏதாவது ஒரு கட்டத்தில் செத்த மரத்தை நம்பி வாழ்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாதையின் மேல் சாய்ந்து பயமுறுத்தும் மரத்தை மட்டும் தெரிந்த ஆளைக் கொண்டு இறக்குங்கள்; இறக்கியதை அங்கேயே கிடத்துங்கள். பிளாஸ்டிக்கைப் பொறுக்குங்கள். பிளாஸ்டிக்கைத் தவிர வேறு எதையும் பொறுக்க வேண்டாம்.

வெளியிலிருந்து வந்து பரவிய செடிகள் உங்கள் நிலத்திலும் இருக்கும். இரண்டாம் ஆண்டில் கை வைக்க வேண்டிய வேலை இதுதான். மிக மோசமாக மண்டியிருக்கும் மூலையில் பாய்ந்து வெட்டி வெளியாக்கத் தோன்றும். புகைப்படத்துக்கும் அது நன்றாக இருக்கும். ஆனால் வெட்டவெளியான அந்த இடத்தில் முதலில் முளைப்பது அதே களைதான். சிட்னியில் ஜோன் பிராட்லி, எய்லின் பிராட்லி என்ற சகோதரிகள் 1960-களில் இதற்கு நேர்மாறாகச் செய்து காட்டினார்கள். நல்ல நிலையில் இருக்கும் பகுதியில் தொடங்கி, அங்கே ஒன்றிரண்டாக நுழைந்திருக்கும் களையைக் கையால் பிடுங்கி, கலைந்த மண்ணையும் சருகையும் பழையபடி மூடிவிட்டு, இயல்பான செடிகள் அந்த இடத்தைப் பிடிக்கும் வேகத்துக்கு ஏற்ப மெல்ல மெல்லக் களை மண்டிய பக்கம் நகர்வது அவர்கள் முறை. காட்டின் வேகத்தைவிட வேகமாக வெட்டக் கூடாது என்பது அவர்களின் விதி. பத்துப் பிள்ளைகள், வாரம் அரை மணி நேரம், வெறுங்கை அல்லது கையுறை, இவ்வளவுதான் செலவு. பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்த்ததில்லை. பிடுங்குமுன் எது களை என்று தெரிந்தவர் ஒருவர் காட்டிக்கொடுக்க வேண்டும். வேர் ஆழமான பெரிய புதர்கள் பெரியவர்கள் பாடு.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் கவலைப்படுவது குறிப்பேட்டைப் பற்றி. உங்கள் பிள்ளைகள் அங்கே ஆறு ஆண்டு இருப்பார்கள். ஆர்வமுள்ள ஆசிரியர் மாற்றலாகிப் போய்விடுவார். மரம் அங்கேயே நிற்கும். இந்த வயது வித்தியாசத்தை ஏடு ஒன்றுதான் ஈடுகட்டும். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் வசந்தத்தின் வருகையைக் குறித்துவைக்கத் தொடங்கினார்: முதல் பூ எந்த நாளில், எந்த மரம் எப்போது தளிர்த்தது, எந்தப் பறவை எப்போது வந்தது. அவர் இறந்த பிறகும் குடும்பத்தார் அதை விடவில்லை. 1958 வரை பதிவுகள் நீண்டன. பருவநிலை மாற்றம் என்ற சொல்லே அறியாதவர்கள் எழுதிவைத்த நாள்களை வைத்துத்தான் இன்று அந்த மாற்றத்தை அளக்கிறார்கள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980-களின் தொடக்கத்தில் 50 ஹெக்டேர் காட்டில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும், இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவற்றுக்கு, எண் கொடுத்து அளந்தார்கள். ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை இன்றும் அளந்துவருகிறார்கள். முதுமலையில் 1988-இல் அதே அளவில் ஒன்று தொடங்கியது. உங்கள் ஆறு வட்டங்களும் அதே குலம்தான், உருவம் சிறிது.

ஆகவே ஆண்டுதோறும் ஒரே வாரத்தில் கணக்கெடுப்பு. பேனா வேண்டாம், மழைபட்டால் மை கலையும், பென்சில். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, வானிலை, அளந்தவர் பெயர். ஆண்டு முடிவில் ஒரு படி எடுத்து வேறு கட்டடத்தில் வையுங்கள். பள்ளியைவிட்டுப் போகும் வகுப்பு, அடுத்த வகுப்பைக் காட்டுக்குள் அழைத்துப்போய் மரம் மரமாகக் காட்டி ஏட்டை ஒப்படைக்கட்டும். நான் பார்த்த பள்ளிக் காடுகளில் கெட்டுப்போனவை மரம் பட்டுக் கெடவில்லை, ஏடு தொலைந்து கெட்டன.

பாதுகாப்புக்கு நீளமாக எழுதத் தேவையில்லை: இரண்டு பெரியவர்கள் இல்லாமல் நுழையக் கூடாது, மூடிய செருப்பு, உள்ளே போகும்போதும் வரும்போதும் தலை எண்ணிக்கை, தேன்கூடு எங்கே என்று முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும், பலத்த காற்றில் விடுமுறை.

இப்போது விழா. நிர்வாகத்துக்கு 500 என்ற எண் வேண்டும். விருந்தினர் குனிந்து ஏதாவது செய்யும் படம் வேண்டும். இரண்டையும் கொடுக்கலாம். ஒன்றரை ஏக்கர் காட்டில் தானாக முளைத்த இளங்கன்றுகள் 500 கிடைப்பது அரிதல்ல. விழாவன்று அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் அருகிலும் எண் எழுதிய மூங்கில் குச்சி ஒன்றை ஊன்றட்டும். உயரம் எவ்வளவு, இலை எத்தனை என்று பிள்ளைகள் பதிந்துகொள்வார்கள். அடுத்த ஆண்டு எண்ணும்போது பாதிக்கு மேல் இருக்காது, அதையும் இப்போதே எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். எது போனது, எது பிழைத்தது என்பதுதான் இரண்டாம் ஆண்டுப் பாடம். வெறுமையாகக் கிடக்கும் வெளி ஓரம் ஏதாவது இருந்தால், முதலாண்டுக் குறிப்பைப் பார்த்து, அதே காட்டில் பொறுக்கிய விதையில் பிள்ளைகளே வளர்த்த நாற்றுகளை இரண்டாம் ஆண்டு மழைக்கு நடலாம். குழுவுக்குப் பதினைந்து பேர் என்ற கணக்கு விழாவன்றும் பொருந்தும். முக்கிய விருந்தினரும் பாதையைவிட்டு இறங்கக் கூடாது. அவருக்குரிய கன்று ஒன்றைப் பாதையோரத்திலேயே முந்தின நாள் பார்த்து வைத்துவிடுங்கள்.